முதுகில் ஏறிய வீடு

“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்” என்பார்கள் நம் பெரியவர்கள். இரண்டிலும் உள்ள பாடு, பட்டவர்களுக்குத்தான் தெரியும். அமெரிக்க நாட்டிலே ஒரு சாரார் இருக்கின்றனர். அவர்களிடம் இந்தப் பழமொழியைச் சொன்னால், “பழைய வீட்டைப் பிரித்துப்பார்” என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக் கொள்ளச் சொல்வார்கள்! அவர்கள் பிரிக்கும் வீடு செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியதன்று. அலுமினியத் தகட்டால் ஆனது. அதற்கு அஸ்திவாரம் இல்லை, மனைக்கட்டு இல்லை, பக்கத்து வீட்டாரோடு எல்லைத் தகராறும் இல்லை. பத்துப் பதினோரடி நீளமே உள்ள அந்த வீடு, ஒரு பிக்கப் வண்டியின் முதுகில் ஏறி அமர்ந்து ஊர் ஊராகச் செல்கிறது.

“கடல் கடந்த நாட்டில் யாரோ பழைய தகரத்தைத் தட்டிக் கொண்டிருக்கிறார்கள், அதனால் நமக்கென்ன?” என்று நீங்கள் கேட்கலாம். பொறுமையுடன் உடன் வாருங்கள். இந்தத் தகட்டு வீட்டைப் பழுது பார்ப்பதில், நம் இல்லங்களுக்கும் பொருந்தும் செய்திகள் சில உள்ளன. அதுமட்டுமன்று; இப்பயணத்தின் கோடியில், அரிசோனாப் பாலை நிலத்தில், ஹாஜி ஒருவரின் அடக்கத்தலமும் இருக்கிறது.

இழுக்கும் வீடும் சுமக்கும் வீடும்

சாலையில் செல்லும் வீடுகள் பலவகை. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்வது டிரெய்லர். இன்ஜினும் வீடும் ஒன்றாகவே பிறந்தது மோட்டார் ஹோம். நாம் காணப் போவது மூன்றாவது வகை. பொருள் ஏற்றும் பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் மூட்டை போல ஏற்றி வைக்கப்படும் வீடு. இதனை டிரக் கேம்பர் என்று அழைக்கின்றனர்.

இதன் அமைப்பு விந்தையானது. ஓட்டுநர் அறைக்கு மேலே ஒரு பகுதி மூக்கை நீட்டிக் கொண்டிருக்கும், அதுவே படுக்கை. கீழே ஒரு புறம் அடுப்பும் கை கழுவும் தொட்டியும், மறுபுறம் அலமாரியும் குளிர்பதனப் பெட்டியும். இருவர் எதிரெதிரே அமர்ந்து உண்ணும் மேசையைத் தாழ்த்தி, அதன் மேல் மெத்தையை விரித்தால் இரண்டாவது படுக்கை தயார். ஒரே இடம் காலையில் சமையற்கட்டு, பகலில் கூடம், இரவில் படுக்கையறை!

சேர வேண்டிய இடத்தை அடைந்ததும் நான்கு மூலைகளிலும் ஜாக்கிகளை ஊன்றி வீட்டை உயர்த்தி விட்டால், வண்டியை அடியிலிருந்து உருவிக் கொண்டு கடைவீதிக்குப் போய் வரலாம். வீடு நான்கு கால்களில் நின்று காத்திருக்கும். டிரெய்லர் திரும்ப முடியாத குறுகிய மலைப்பாதையிலும் இது நுழைந்து வந்துவிடும்.

எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960ஆம் ஆண்டில் தம் நாட்டை மீண்டும் ஒருமுறை நேரில் காணப் புறப்பட்டபோது தேர்ந்தெடுத்தது இத்தகைய வண்டியைத்தான். டான் குவிக்ஸாட்டின் குதிரையான ரோசினான்ட்டேயின் பெயரை அதற்குச் சூட்டினார். அப்பயணத்தைப் பற்றிய அவரது நூல் 1962இல் வெளிவந்தது. அந்த வண்டி இன்று கலிபோர்னியா மாநிலத்தின் சலினாஸ் நகரில், அவர் பெயரால் அமைந்த நினைவு மையத்தில் இருக்கிறது.

விமானத்தின் உடன்பிறப்பு

வீட்டுக்கு அலுமினியம் எங்கிருந்து வந்தது? ஆகாயத்திலிருந்து வந்தது என்று கூறினால் மிகையாகாது.

1927ஆம் ஆண்டு சார்லஸ் லிண்ட்பெர்க் தன்னந்தனியாக அட்லாண்டிக் கடலை ஒரே மூச்சில் பறந்து கடந்தார். அந்த விமானம் உருவான தொழிற்கூடத்தில் பணிகளை மேற்பார்வையிட்டவர் ஹாலி பௌலஸ் என்பவர். விமானத்தை இலேசாகவும் உறுதியாகவும் கட்டும் நுட்பத்தை அவர் சாலைக்குக் கொண்டு வந்தார். அவர் 1934இல் வடித்த டிரெய்லர், வளைந்த விலா எலும்புகளின் மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தி ரிவெட் ஆணிகளால் தைத்த கூடு. அவ்வழியைப் பின்பற்றி 1936இல் வாலி பையம் என்பவர் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்னும் டிரெய்லரை வெளியிட்டார். அந்த நிறுவனம் ஓஹையோ மாநிலத்தின் ஜாக்சன் சென்டர் என்னும் சிற்றூரில் இன்றும் இயங்குகிறது.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அலுமினியம் முழுவதும் போர் விமானங்களுக்கே போயிற்று. போர் முடிந்ததும் தகடும் கிடைத்தது. விமானக் கூடங்களில் ரிவெட் அடித்துத் தேர்ந்த கைகளும் கிடைத்தன. வெள்ளி நிற வீடுகள் பெருகின. 1959இல் வாலி பையம் 41 டிரெய்லர்களை ஆப்பிரிக்காவின் தென்கோடியான கேப்டவுனிலிருந்து நடத்திச் சென்று, அடுத்த ஆண்டு கெய்ரோவில் பிரமிடுகளின் நிழலில் நிறுத்தினார் என்றால், அந்தக் கூடுகளின் உறுதியை எண்ணிப் பாருங்கள்!

மிச்சிகன் ஏரியின் கரையில் பென்டன் ஹார்பர் என்றொரு நகரம் உண்டு. அங்கே 1955இல் கேயோ சகோதரர்கள் ஆவியான் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஆவியான் என்றால் பிரெஞ்சு மொழியில் விமானம் என்று பொருள். பெயரிலேயே பிறப்பு தெரிகிறதல்லவா? டிரெய்லர்களோடு, 1960களில் அவர்கள் பிக்கப் வண்டியில் ஏற்றும் அலுமினியக் கேம்பர்களையும் வடித்தனர். சி-10, சி-11 என்று அவற்றுக்குப் பெயர். பென்டன் ஹார்பரின் அந்தக் கூடம் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. ஆயினும் அன்று செய்த கூடுகள் பல, தோட்டங்களின் மூலையிலும் களஞ்சியங்களின் ஓரத்திலும் இன்றும் நிற்கின்றன. அவற்றைத் தேடிப் பிடித்து உயிர் கொடுப்போரைப் பற்றியதே நம் கதை.

பளபளப்பை நம்பாதீர்கள்

ஐம்பது ஆண்டு மழையும் வெயிலும் பட்ட தகடு எப்படி நிலைத்தது? விடை உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தைத் தானே போர்த்திக் கொள்ளும். இரும்பின் துரு உதிர்ந்து உள்ளே உள்ள இரும்பையும் தின்னும். அலுமினியத்தின் படலமோ உதிராமல் நின்று உள்ளே உள்ளதைக் காக்கும். புளிக்குழம்பை அலுமினியப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தடுத்தது ஏன்? அமிலம் அந்தப் போர்வையைக் கரைத்துவிடும் என்பதால்தான்.

ஆனால் அந்தப் போர்வை காப்பது தகட்டை மட்டுமே. தகட்டுக்குள்ளே இருப்பது பெரும்பாலும் மரமும் பிளைவுட் பலகையும்! தரை பிளைவுட், அலமாரி பிளைவுட், ஓட்டுநர் அறைக்கு மேல் நீண்டிருக்கும் படுக்கையின் அடித்தளமும் பிளைவுட். தகடு நனைந்தால் காயும். பலகை நனைந்தால் ஊறும், ஊறினால் உளுக்கும்.

நீர் எங்கே நுழைகிறது? தகட்டின் நடுவிலே அன்று. இரண்டு தகடுகள் சேரும் இணைப்பில், ஜன்னல் சட்டத்தின் விளிம்பில், கூரையில் காற்றுக்காக வைத்த திறப்பின் ஓரத்தில், விளக்குக்காகத் துளைத்த துளையில் நுழைகிறது. எந்த இடத்திலே ஒன்று மற்றொன்றோடு சேருகிறதோ, அந்த இடத்திலேதான் வீடு கெடுகிறது. அடைப்புப் பசை நாளடைவில் காய்ந்து வெடிக்கிறது. ஒரு மழைக்கு ஒரு கரண்டி நீர் இறங்கினாலும் ஐம்பது ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்!

ஆகவே, இத்தகைய கேம்பரை வாங்கச் செல்பவர் முதலில் வெளியழகைப் பார்க்கலாகாது. விற்பவர் தகட்டைத் துடைத்து முகம் பார்க்கும் கண்ணாடியாக்கி வைத்திருப்பார். உள்ளே நுழைந்ததும் மூக்கால் பாருங்கள். ஈரப்பலகையின் புழுங்கல் நாற்றம் பொய் சொல்லாது. பிறகு குத்தூசி ஒன்றை எடுத்து மூலைகளில் தரையை அழுத்துங்கள். வெண்ணெயில் இறங்குவது போல ஊசி இறங்கினால், அந்த வீட்டின் விலையைவிடப் பழுது பார்க்கும் செலவு அதிகம் என்று பொருள். ஓய்வூதியப் பணத்தையும் வாழ்நாள் சேமிப்பையும் இப்பளபளப்பில் கொட்டிவிட்டு, பாதி பிரித்த கூட்டை அப்படியே பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டுக் கொடுத்தவர்களும் உண்டு.

உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்

வாங்கியாயிற்று. இனி என்ன செய்வது?

பிரிப்பதற்கு முன் அளப்பதும் படமெடுப்பதும் முதல் வேலை. எந்தப் பலகை எங்கிருந்தது, எந்த ஆணி எதற்குரியது என்று ஒவ்வொன்றிலும் எண் எழுதி வைப்பார்கள். உளுத்துப்போன பலகையையும் எறிந்துவிடக் கூடாது. புதுப் பலகையை வெட்டுவதற்கு அதுவே மாதிரி. பிறகு கசிவைத் தேடுவார்கள். குழாயால் நீரைப் பீய்ச்சும்போது கீழிருந்து தொடங்கி, சிறிது சிறிதாக மேலே ஏற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நீர் எந்தத் துளையில் நுழைந்தது என்று கண்டுபிடிக்க இயலாது.

உட்புறப் பலகைகளைக் கழற்றினால் விலா எலும்புகள் தெரியும். இடையில் திணித்த வெப்பத் தடுப்பு அடுக்கில் எலிகள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்ததற்கான அடையாளங்களும் தெரியும்! அவற்றைக் கையுறையும் முகக் கவசமும் அணிந்துதான் அள்ள வேண்டும். எலியின் கழிவு கலந்த தூசு நோய் தரும்.

ஒரு செய்தியை இங்கே நினைவில் நிறுத்துங்கள். இந்த வீட்டில் எலும்பு தனியாகப் பாரம் தாங்குவதில்லை. தோலும் சேர்ந்தே தாங்குகிறது. ஆதலால் தகட்டை ஒரேயடியாகக் கழற்றினால் கூடு வளைந்து போகும். ஒரு பக்கத்தைக் கழற்றி, முட்டுக் கொடுத்து, சீர் செய்து, மூடிய பிறகே மறுபக்கத்துக்குச் செல்ல வேண்டும்.

புதுத் தகட்டைப் பொருத்துவது தனிக்கலை. பழைய தகட்டில் உள்ள துளைகளுக்கு நேராகப் புதியதில் துளையிட்டு, பிசிறு நீக்கி, இடையே பசை தடவி, ஸ்பிரிங் ஊசிகளால் தற்காலிகமாகப் பிடித்து வைப்பார்கள். அதன் பின் ஒவ்வோர் ஊசியாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரிவெட் அடிப்பார்கள். இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று காற்றழுத்தச் சுத்தியலால் ஆணியின் தலையில் அடிப்பார். மற்றவர் உள்ளே இருந்துகொண்டு ஆணியின் மறுமுனையில் கனத்த இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பார். அடி வாங்கும் ஆணி அந்தக் கட்டியில் மோதித் தட்டையாகி இரு தகடுகளையும் கவ்விக் கொள்ளும். இருவரும் ஒருவரையொருவர் காண முடியாது. நடுவிலே சுவர்! தட்டும் ஓசையும் குரலுமே பாஷை. உள்ளே இருப்பவர் ஒரு கணம் கட்டியைச் சாய்த்துப் பிடித்தால் ஆணி கோணும். வெளியே இருப்பவர் ஒரு கணம் அதிகம் அடித்தால் தகடு நசுங்கும். இப்படி நூற்றுக்கணக்கில் ஆணிகள். கணவனும் மனைவியும் சேர்ந்து இந்த வேலையைச் செய்யும் குடும்பங்கள் பல. வீடு நிற்பது இருவரும் பொறுமையாகச் செய்த வேலையால் என்பதை விளக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

தவிர்க்க வேண்டியவையும் சில உண்டு. கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று சிலிக்கோன் பசையை வெளிப்புற இணைப்புகளில் பூசுவது பெருந்தவறு. அது உரிந்தபின் அந்த இடத்தில் வேறெந்தப் பசையும், ஏன், வண்ணமும்கூட ஒட்டாது. பாலியூரித்தேன் பசையே ஏற்றது. இரும்புத் திருகாணியை அலுமினியத்தில் நேராக முடுக்குவதும் தவறு. இரு வேறு உலோகங்கள் நடுவே ஈரம் நின்றால் அது ஒரு சிறு மின்கலம் போலாகி, அலுமினியம் தன்னைத்தானே தின்று கொடுத்துவிடும். எஃகுக் கம்பி நாரால் தேய்ப்பதும் ஆகாது. அதன் துகள் தகட்டில் பதிந்து துருப்புள்ளிகளாகப் பூக்கும்.

எல்லாத் தகட்டையும் மெருகேற்றலாம் என்பதும் தவறான எண்ணம். ஏர்ஸ்ட்ரீமின் பழைய தகட்டை மெருகேற்றினால் கண்ணாடியாகும். ஆவியானின் தகடோ ஆனோடைஸ் செய்யப்பட்டது. அதாவது அந்த இயற்கைப் போர்வை மின்சாரத்தால் மேலும் தடிமனாக்கப்பட்டது. அதைத் தேய்த்து மெருகேற்றினால், காக்கும் போர்வையைக் கையாலேயே உரித்தவர்களாவோம். மிதமான சோப்பு நீரால் கழுவி அதன் மங்கலான வெள்ளி நிறத்தோடு விட்டுவிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

எரிவாயுக் குழாயைச் சோதிக்காமல் ஒருநாளும் உறங்கக் கூடாது. புரோப்பேன் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகத் தங்கும். ஆதலால் அதைக் கண்டறியும் கருவியைத் தரைக்கு அருகில் பொருத்த வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சிறிய அறையில் அடுப்பை எரித்து ஜன்னலை மூடிக் கொண்டு குளிர்காய்ந்தவர்கள் விடியலைக் காணாமற் போனதுண்டு. அதற்கும் தனிக் கருவி அவசியம்.

எடை பார்த்து ஏற்றுங்கள்

வீடு தயாரான பின்பு, அதைச் சுமக்கும் வண்டியைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். வண்டியின் கதவுத் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை எடைக்கு மேல் ஏற்றலாகாது என்று அதிலே குறித்திருப்பார்கள். காலி வீட்டின் எடையை மட்டும் பார்த்து ஏமாந்து போகிறவர்கள் பலர். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ! எரிவாயு உருளை, பேட்டரி, பாத்திரம், துணிமணி, புத்தகம், நாற்காலி, இவற்றோடு இருவர் அல்லது மூவர். எல்லாவற்றையும் ஏற்றியபின் எடை மேடையில் நிறுத்திப் பார்ப்பவரே அறிவாளி. மிகைப் பாரம் ஏறினால் டயர் வெடிக்கும், இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. போவது ஓர் உயிர் மட்டுமன்று. எதிரே வருபவரின் உயிரும்தான்.

எடை எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். வீட்டின் கனம் வண்டியின் பின் அச்சுக்குச் சற்று முன்னே விழ வேண்டும். பின்னே விழுந்தால் முன்சக்கரங்கள் தரையைச் சரியாகப் பற்றா. திருப்பும் பக்கம் வண்டி திரும்பாது. இன்னொரு சிக்கலும் உண்டு. 1960களின் பிக்கப் வண்டிகள் தாழ்வானவை. இன்றைய வண்டிகளின் தொட்டிச் சுவரும் ஓட்டுநர் அறையும் உயரம். பழைய கேம்பரை அப்படியே வைத்தால் இடிக்கும். அடியில் பலகை மேடை அமைத்து உயர்த்தியே ஏற்றுகின்றனர்.

இந்த எடைக் கணக்கு மனிதருக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுத் தருகிறது. ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, “இது இன்றி வாழ இயலுமா?” என்று கேட்கும் பழக்கம்! நம் வீட்டுப் பரண்களை ஒருமுறை மனத்தால் ஏறிப் பாருங்கள். இந்தக் கேள்விக்குத் தாக்குப் பிடிப்பவை எத்தனை?

ஒட்டகம் அளந்த பாதை

பென்டன் ஹார்பருக்கு எதிரே, ஏரியின் மறுகரைப் பக்கம் சிகாகோ மாநகரம் இருக்கிறது. 1926இல் வகுக்கப்பட்ட 66ஆம் எண் நெடுஞ்சாலை அங்கே தொடங்கி, மேற்குக் கடற்கரையில் சாந்தா மோனிக்காவரை சென்றது. புதிய பெருவழிகள் வந்தபின் 1985இல் அதன் எண் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் அதன் துண்டுகள் பல இன்றும் உள்ளன. குளிர்காலம் நெருங்கியதும் வடமாநிலங்களின் முதியவர்கள் பறவைகளைப் போலத் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றனர். அவர்களுள் சிலர் தம் அலுமினிய வீட்டோடு அந்தப் பழைய சாலையைத் தேடிச் செல்கின்றனர்.

அரிசோனா மாநிலத்தில் பிளாக்ஸ்டாஃப் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் பனி பொழியும். அங்கிருந்து மேற்கே இறங்கிக் கிங்மன் நகரை அடையலாம். இப்பகுதியில் சாலைக்கு முதன்முதலில் தடம் போட்டவர்கள் யார் தெரியுமா? ஒட்டகங்கள்! 1857ஆம் ஆண்டு எட்வர்ட் பீல் என்னும் அதிகாரி, கொலராடோ ஆறுவரை ஒரு வண்டிப்பாதை வகுக்க அரசால் அனுப்பப்பட்டார். அவர் கூட்டத்தில் 25 ஒட்டகங்கள் இருந்தன. அவர் வகுத்த தடத்தையொட்டியே பின்னாளில் இரயில் பாதையும் 66ஆம் நெடுஞ்சாலையும் அமைந்தன.

கிங்மனுக்கு அப்பால் கருமலைகளின் ஊடே ஓட்மன் என்னும் பழைய தங்கச்சுரங்க ஊருக்கு ஏறும் பாதை கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. 40 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அங்கே அனுமதியில்லை. பெரிய மோட்டார் ஹோம்கள் சுற்றி வளைத்துப் போக, முதுகில் வீட்டைச் சுமந்த பிக்கப் வண்டி முதல் கியரில் முனகிக் கொண்டே ஏறிவிடும். ஊரின் நடுத்தெருவில் கழுதைகள் வழிமறிக்கும். சுரங்கக்காரர்கள் விட்டுச் சென்ற கழுதைகளின் வழித்தோன்றல்கள் அவை.

மலையை விட்டிறங்கித் தெற்கே திரும்பினால் லேக் ஹவாசு நகரம். அங்கே கண்ணைக் கசக்கிக் கொண்டு பார்க்க வேண்டிய ஒரு காட்சி உண்டு. இலண்டன் மாநகரில் தேம்ஸ் நதியின் மேல் 1831இல் திறக்கப்பட்ட பாலம் அங்கே நிற்கிறது! 1968இல் அது விலைக்கு வாங்கப்பட்டது; கற்களுக்கு எண் இட்டுப் பிரித்துக் கப்பலேற்றினர்; 1971இல் பாலைவனத்தில் மீண்டும் பூட்டினர். தன் கேம்பரின் ஒவ்வொரு பலகையிலும் எண் எழுதிய மனிதர் அந்தப் பாலத்தருகே வண்டியை நிறுத்தி, நெடுநேரம் அதைப் பார்த்துக் கொண்டு நிற்பார் என்பதில் ஐயமில்லை.

கற்பாலையில் ஒரு குளிர்கால நகரம்

இன்னும் தெற்கே, பார்க்கர் ஊரைக் கடந்தால் குவார்ட்ஸைட். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே நிலையாக வாழ்பவர்கள் சுமார் 2,400 பேர்தான். கோடையில் வெப்பம் 45 டிகிரியையும் தாண்டும். ஆனால் குளிர்காலம் வந்ததும் அந்தச் சிற்றூரைச் சுற்றியுள்ள கற்பாலை, சக்கர வீடுகளால் நிறைந்து பெருநகரமாகிறது. ஜனவரி மாதத்தில் கல், மணி, கனிமச் சந்தைகள் களைகட்டும்.

சுற்றிலும் உள்ள நிலம் பெரும்பாலும் மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகத்துக்குரியது. பொதுவாக அத்தகைய நிலத்தில் ஒரே இடத்தில் 14 நாட்கள்வரை தங்கலாம். ஊருக்குத் தெற்கே லா போஸா என்னும் பகுதியில் அனுமதிச் சீட்டு பெற்று, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்டகாலம் தங்கவும் வழியுண்டு. சிறிய ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களுக்கு, வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாத காலத்தில், இது வெறும் உல்லாசமன்று. கௌரவமாக வாழக் கிடைத்த வழி. அவர்களுக்கு ஒழுகாத கூரை என்பது அழகுக்காக அன்று.

அங்கே குழாயும் இல்லை, மின்கம்பமும் இல்லை. தொட்டியில் உள்ள நீரே நீர். கூரையில் விரித்த சூரியத் தகடு தருவதே மின்சாரம். கழிவை நிலத்தில் விடலாகாது. உரிய இடத்துக்குக் கொண்டு போய்த்தான் கொட்ட வேண்டும். பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்து, பிறகு சிறிதளவு நீரால் கழுவுகின்றனர். ஒரு குவளை நீரில் ஒளூச் செய்யப் பழகியவர்களுக்கு இதைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. குளிர்பதனப் பெட்டிகூட அங்கே சிறு நெருப்பால் இயங்குகிறது! சுடர் அம்மோனியாக் கரைசலைச் சூடாக்க, ஆவி பிரிந்து குளிர்ந்து, உள்ளே உள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆனால் வண்டி சரிந்து நின்றால் அது வேலை செய்யாது. ஆகவே நிறுத்தியதும் மட்டம் பார்ப்பதே முதல் வேலை.

மாலை மயங்கும் வேளையில் சகுவாரோ கள்ளிகள் கை உயர்த்தியபடி கருநிழலாக நிற்கும். வானம் செம்மையாகி, ஊதாவாகி, இருளும். அலுமினியச் சுவர் அத்தனை நிறத்தையும் வாங்கித் திருப்பிக் காட்டிவிட்டுக் கடைசியில் விண்மீன்களோடு தனித்து நிற்கும்.

ஹாஜி அலியின் கடைசி முகாம்

இந்த ஊரின் பொது அடக்கத்தலத்தில், கற்களாலும் கல்லாகிப்போன மரத்துண்டுகளாலும் எழுப்பிய ஒரு சிறு பிரமிடு இருக்கிறது. அதன் உச்சியில் செம்பால் செய்த ஓர் ஒட்டகம். அதன் கீழே உறங்குபவரை ஊரார் ஹை ஜாலி என்கின்றனர். ஹாஜி அலி என்னும் பெயரே அந்நாட்டு மக்களின் நாவில் அவ்வாறு திரிந்து போயிற்று!

உஸ்மானியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்ட நிலத்தில் ஏறத்தாழ 1828இல் பிறந்தவர். ஹஜ்ஜை நிறைவேற்றியதால் இப்பெயர் பெற்றவர் என்று அவரைப் பற்றி எழுதியோர் குறிக்கின்றனர். பாலைவனங்களில் படைக்குச் சாமான் சுமக்க ஒட்டகங்களைப் பயன்படுத்தலாம் என்று எண்ணிய அமெரிக்க அரசு, 1855இல் அதற்காக 30,000 டாலர் ஒதுக்கியது. 1856இல் டெக்சாஸ் கரையில் வந்திறங்கிய ஒட்டகங்களோடு, அவற்றைப் பழக்கத் தெரிந்தவராக ஹாஜி அலியும் வந்திறங்கினார். மறு ஆண்டு பீலின் பாதைப் பயணத்திலும் அவர் இருந்தார். நாம் சற்று முன் கடந்து வந்தோமே, அதே தடம்! 1861இல் உள்நாட்டுப் போர் வெடித்ததும் ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது. ஒட்டகங்கள் விற்கப்பட்டன, சில பாலையில் அவிழ்த்து விடப்பட்டன. ஹாஜி அலி அந்நாட்டிலேயே தங்கிச் சாமான் சுமந்தார்; படைக்கு வழிகாட்டினார்; கனிமம் தேடினார். 1880இல் குடியுரிமை பெற்றார். டூசான் நகரில் மணம் புரிந்தார். 1902 டிசம்பர் 16 அன்று குவார்ட்ஸைட்டில் மரணித்தார். 1935இல் அரிசோனா நெடுஞ்சாலைத் துறை அந்தப் பிரமிடை எழுப்பியது. அதிலே பதித்த தகட்டில் அவ்விடத்தை அவருடைய கடைசி முகாம் என்று குறித்திருக்கிறார்கள்.

சாலை போட உதவிய மனிதருக்குச் சாலைத் துறையே நினைவுச் சின்னம் எழுப்பியது பொருத்தந்தானே! முதுகில் பாரம் சுமந்த ஒட்டகங்களை நடத்தி வந்தவர் உறங்கும் ஊரைச் சுற்றி, ஆண்டுதோறும் முதுகில் வீட்டைச் சுமந்த வண்டிகள் வந்து முகாமிடுகின்றன.

வாசக நேயர்களே! அந்த அலுமினிய வீட்டின் தகடு நம் வாழ்நாளையும் தாண்டி நிற்கக் கூடியது. அதைக் கெடுப்பதோ, ஓர் இணைப்பிலே யாரும் கவனியாமல் விட்ட ஒரு நூலிழை வெடிப்பு. ஆண்டுக்கொருமுறை ஏணி வைத்து ஏறி, அந்த இணைப்புகளைக் கையால் தடவிப் பார்த்துப் பசை பூசுகிறவரின் வீடு நிலைக்கிறது. வெளியே மெருகு மட்டும் ஏற்றுகிறவரின் வீடு உள்ளுக்குள் உளுக்கிறது. அடுத்த மழைக்கு முன் உங்கள் வீட்டு மொட்டை மாடிக்கும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். சுவரும் தளமும் சேரும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். பழுது சிறியதாக இருக்கும்போதே அதைக் கண்டுவிடலாம்.